தூங்குகிற எலியும் விழித்திருக்கிற பிள்ளையும்

தம்பி, பையை இறக்கிவைத்துவிட்டு இப்படி உட்கார். இந்தச் சீட்டில் ஒரு கதை சொல்கிறேன், படி. கோபத்தில் சொல்கிற கதை.

ஓர் அப்பா தன் நாலு வயது மகள் சிட்டுவுக்கு ஹாம்ஸ்டர் எலி வாங்கி வந்தான். "சின்னப் பிள்ளைக்குச் சின்னப் பிராணி போதும்க்கா" என்றான். ஏனடா, செருப்பா வாங்கினாய், அளவு பார்க்க? அது பகலெல்லாம் தூங்குகிற ஜீவன். இவளோ பகலில்தானே விளையாடுவாள்! பாவம், பசிக்குமே என்று கேரட்டால் தட்டி எழுப்பியிருக்கிறாள். அது மிரண்டு விரலைக் கடித்துவிட்டது. அழுகிற பிள்ளையிடம் நீ சொன்னது என்ன? "உனக்கு ஒண்ணையும் பாத்துக்கத் தெரியாது." அது வாயா, வேறேதாவதா?

நீ வேலைக்குப் போனபிறகு கேட்கிறாள்: "அத்தை, அதுக்கு என்னைப் பிடிக்கலையா?"

டாக்டரிடம் காட்டிவிட்டேன், ஆழமான காயமில்லை. இப்போது வண்ணமீன் கடைக்குப் போகிறோம். மீன் பகலில் விழித்திருக்கும், தீனி தூவினால் மேலே வரும். தொட்டி கழுவுவது உன் வேலை. சாப்பாடு மூடியிருக்கிறது, சூடாக்கிக்கொள். கதவைத் தாழிடாதே.

கூண்டை உன் கட்டிலருகே வைத்திருக்கிறேன். ராத்திரி முழுக்க எலி விழித்திருந்து உள்ளே இருக்கிற சக்கரத்தில் ஓடிச் சுற்றும். கேட்டுக்கொண்டே படு.

இன்னொன்று: அவள் உள்ளே வந்ததும், மீனைப் பார்க்கிறதற்கு முன்னால், "தப்பு அப்பா மேலதான்" என்று சொல்லிவிடு. இந்த வீட்டில் தூங்குகிற உயிர் நிம்மதியாகத் தூங்கட்டும். விழித்திருக்கிற பிள்ளைக்கு விழித்திருக்கிற துணை கிடைக்கட்டும்.