சந்தனத்துக்கு அடியில் இருந்த வருடம்

மாரியம்மன் துணை

ரிங்லெட்,
4.10.1979

மகன் காளியண்ணனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உன் தங்கை சாரதாவும் உயிரோடு இருக்கிறோம். குளிர் ஏறினால் அப்பாவுக்கு வரும் இருமல் இந்த மாதமும் வந்தது, கஷாயம் குடித்தார், போய்விட்டது. நீ சிங்கப்பூரில் சுகமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அதனால் உன் சுகத்தை எழுதச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. எந்தக் கடிதத்திலும் நீ முதலில் கேட்பது காரைத்தான். நானும் காரிலேயே ஆரம்பிக்கிறேன்.

காரை விற்றுவிடுங்கள், அந்தக் காசு சாரதா கல்யாணத்துக்கு அண்ணன் செய்கிற சீர் என்று எழுதியிருந்தாய் அல்லவா, நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்தக் கடிதத்தைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே எடுத்துக்கொண்டு போய் கங்காணி முதல் கூடை தூக்குகிறவள் வரைக்கும் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பார்த்தீர்களா என் பிள்ளையை என்று கேட்டேன். இப்போது அதே இடத்துக்குக் கூடையோடு போய் நிற்கவே எனக்குக் கூசுகிறது. சம்பந்தி ஆகப் போகிற கோலா தெர்லா ஊர்த் தங்கையாவுக்கும் விஷயம் எட்டியது. தோட்டத்துக் காய்கறியை லோரியில் ஏற்றி விடிய விடியக் கணக்குப் பார்க்கிற மனுஷன், ஆனாலும் பெரிய மனது பண்ணி, காரை வெளி ஆளுக்கு எதற்குக் கொடுக்கிறீர்கள், நானே எடுத்துக்கொள்கிறேன், கல்யாணத்துக்குப் பிறகு நம் நாகப்பனும் சாரதாவும் அதில் போய் வரட்டும் என்று சொல்லி அனுப்பினார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் மாப்பிள்ளைப் பையனும் வந்தார்கள். அப்பா மேலே மூடியிருந்த பிளாஸ்டிக்கை எடுத்தார். இந்தக் குளிரிலும் பனியிலும் இவ்வளவு நாள் நின்ற வண்டி மாதிரியே இல்லை என்று தங்கையா மெச்சினார். மெச்ச மாட்டாரா, பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை. இன்ஜின் கிளம்பவில்லை, அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாலை வரி எதுவரைக்கும் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். என் மகன் வருடா வருடம் அங்கிருந்தே ஆள் வைத்துக் கட்டிவிடுகிறான் என்று நான் சொன்னேன். நீ எழுதியதைத்தான் சொன்னேன். அப்படியானால் வருடா வருடம் புதுச் சீட்டு வந்திருக்க வேண்டுமே, எங்கே ஒட்டினீர்கள் என்றார். வருடத்துக்கு ஒரு சீட்டு உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் கண்ணாடியில் இருந்த சந்தனப் பொட்டைக் காட்டினேன், அதற்குப் பின்னால்தான் ஒட்டியிருக்கிறது என்றேன். அவர் துண்டின் நுனியை நனைத்துத் துடைத்தார். அடை மாதிரி தடித்துப் போயிருந்த சந்தனம், லேசில் போகவில்லை. போன பிறகு பார்த்தால் சீட்டில் 1973 ஜூன் வரைக்கும் என்று இருந்தது.

அந்த ஆடி மாதம் காரைக் கோவிலுக்குக் கொண்டு போய்ப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாயே, இது சாமி இருக்கிற இடம், இங்கே தண்ணீர் படக் கூடாது, வருடா வருடம் இதன் மேலேயே சந்தனம் வையுங்கள் என்று சொன்னாயே, அதற்கு இதுதானா அர்த்தம்? வரி முடிந்த வண்டியைத் தானா ராத்தா டவுனுக்கும் தாப்பாவுக்கும் ஓட்டியிருக்கிறாய், போலீஸ்காரன் கண்ணை மறைக்க மாரியம்மனைக் கூப்பிட்டிருக்கிறாய். சரி, இளவட்டம், புத்தி இல்லை, விட்டுவிடலாம். ஆனால் நீ போன பிறகும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொட்டு வைத்தீர்களா, மறக்கவில்லையே என்று கேட்டுக் கேட்டு எழுதினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் தலை குளித்து, மஞ்சள் சேலை கட்டி, கல்லில் உரசிய சந்தனத்தை இந்தக் கையால் எடுத்து உன் பொய்யின் மேல் வைத்திருக்கிறேன். வைத்துவிட்டு, என் பிள்ளை நல்லா இருக்கணும் என்று கும்பிட்டும் இருக்கிறேன்.

தங்கையா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொட்டு வச்ச எடத்துலயே இப்படின்னா, பொட்டு வைக்காத எடத்துல என்னென்ன இருக்கோ" என்று மட்டும் சொன்னார். சாரதா தேத்தண்ணியோடு வாசலில் நின்றாள். வாங்காமலே போய்விட்டார்கள். நாகப்பன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

அப்பா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு தோட்டத்து ஆபீஸில் எழுதுகிற கிராணி சாம்பசிவத்தையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போய் விசாரித்தார். பாக்கி வரியையும் அபராதத்தையும் கட்டாமல் பெயர் மாற்ற முடியாதாம், சொந்தக்காரன் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். வண்டியை ஓட்டப் போவதில்லை என்று அப்போதே எழுதிக் கொடுத்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்று கிராணி சொன்னார். எல்லாம் போட்டுப் பார்த்தால் தங்கையா சொன்ன விலை முக்கால்வாசி அதற்கே போய்விடும்.  அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, அவன் சீர் செய்யவில்லை, கடனுக்குப் பூ சுற்றிக் கொடுத்திருக்கிறான் என்றார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் உனக்காக அழக் கூடாது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ போன மறு வருடம் பக்கத்து வீட்டு வடிவம்மாள் மருமகளுக்கு வலி எடுத்தது. வடிவம்மாள் தம்பிக்குக் கார் ஓட்டத் தெரியும், ஒரு தடவை கொடு அக்கா, ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருகிறோம் என்று கையைப் பிடித்தாள். என் மகன் யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறான் என்று நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கொழுந்து லோரியில்தான் கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம். வடிவம்மாள் இன்றுவரைக்கும் என்னோடு பேசுவதில்லை. நீ காருக்குப் பயந்து தொடாதே என்று சொன்னதாக நினைத்தேன், போலீஸுக்குப் பயந்து சொல்லியிருக்கிறாய்.

தங்கையா போன வாரம் ஆள் விட்டார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வரி கட்டாதவன் ஊர்ல நெறைய பேரு இருக்கான்லா. அதுக்கு நான் கல்யாணத்த நிறுத்தல. அந்தப் பையன் வந்து என் முன்னால நின்னு, நாந்தான் மூடினேன், எங்கம்மாவுக்குத் தெரியாதுன்னு சொல்லட்டும். அப்புறம் வெத்தல பாக்கு மாத்திக்கலாம்." தீபாவளி வரைக்கும் பார்ப்பார். அதற்குப் பிறகு தாப்பாவில் பேசி வைத்திருக்கிற இன்னொரு பெண் வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே பணத்தை மணியார்டரில் அனுப்பிவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புவேன். சட்டைத் துணி, பிஸ்கட் டின் ஒன்றும் வேண்டாம். நீதான் வர வேண்டும், உன் வாய்தான் பேச வேண்டும்.

சாரதா என்னோடு கொழுந்து பறிக்க வருகிறாள். அண்ணனைத் திட்டி எழுதாதீர்கள் அம்மா என்று மட்டும் இன்றைக்குக் காலையில் சொன்னாள். இந்த வீட்டில் உனக்காகப் பேச இன்னும் ஒருத்தி இருக்கிறாள், அவள் வாழ்க்கையைத்தான் நீ சந்தனம் பூசி மூடி வைத்திருக்கிறாய். அவள் சொன்னதற்காகத்தான் இவ்வளவோடு விடுகிறேன்.

இந்த வருட ஆயுத பூஜையும் போன வாரம் முடிந்தது. பூஜை போடாமல் விட மனது வரவில்லை, வண்டி என்ன பாவம் செய்தது. கழுவினேன், சக்கரத்துக்கும் கதவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கண்ணாடியில் அந்த ஓரத்தை மட்டும் சோப்புப் போட்டுத் துடைத்து வெறுமனே விட்டிருக்கிறேன். பிளாஸ்டிக்கும் மூடவில்லை. லைன் வீட்டு வழியாகப் போகிற வருகிற யாரும் அந்த வருடத்தை வாசிக்கலாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சத்தமாகவே வாசிக்கின்றன. நீ வந்து நிற்கிறவரைக்கும் அது அப்படியேதான் இருக்கும்.

மாரியம்மன் உனக்கு நல்ல புத்தியும் நல்ல உடம்பும் கொடுக்கட்டும், புத்தியை முதலில் கொடுக்கட்டும். ராத்திரி ரயிலில் வந்தால் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள், தாப்பா ரோடு ஸ்டேஷனில் இறங்கி முதல் பஸ்ஸைப் பிடி. உன் அடையாள அட்டை ஐசியையும், கார் உன் பெயரில் இருக்கிற கிராண்டையும் மறக்காமல் எடுத்து வா. இத்தனை வருடமும் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை, வண்டி நகராததால், காய்ந்த பிறகு நானே பொறுக்கிப் போட்டேன். இந்த வருடம் நான் எடுக்க மாட்டேன். நாலு பழமும் நாலு சக்கரத்தடியிலும் கிடக்கின்றன, நீ வந்து தள்ளி நசுக்கு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
நவமணி