அழச் சொன்ன இடத்தில் உன்னைக் கூப்பிடவில்லை, மெர்சி

என் செல்ல மெர்சி,

நீ போன பிறகும் உன் ஃபோனை நான் அணைத்து வைக்கவில்லை. போன மாதம் அதில் ஓர் அழைப்பு வந்தது. சீரியலுக்கு ஆள் தேடுகிற சுனிதா என்று சொல்வாயே, அவள்தான். கதாநாயகனின் அக்கா வேஷம் இருக்கிறது, மெர்சியை அனுப்ப முடியுமா என்று தெலுங்கில் கேட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ வீடு திரும்பவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. சொன்னேன். "ஐயோ" என்றாள். பிறகு, "அக்காதான் எனக்கு எதிர் வசனம் படிப்பாங்கன்னு மெர்சி சொல்வாங்க. நீங்களே வரீங்களா?" என்றாள்.

நான் எப்படிப் போவேன்? பாலாநகர் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். ஆனாலும் உன் ஒவ்வொரு ஆடிஷனுக்கும் மாமியாராக, புருஷனாக, போலீஸ்காரராக வீட்டில் பேசியவள் நான்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது சொத்துச் சண்டைக் காட்சியைப் பேசிப் பார்த்தோம். பின்னால் வந்த ரோஸ் ஆன்ட்டி நிஜச் சண்டை என்று நினைத்து, நம் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் ஜெபம் பண்ணினார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னாய். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"என் வசனத்தை நான் மனப்பாடம் பண்ண மாட்டேன் அக்கா, நீ சொல்றதைத்தான் பண்ணுவேன். காது ஒழுங்காக் கேட்டா வாய் தானாப் பேசும்" என்பாய். பளபளக்கிற புடவை கூடாது. பெயர் கேட்டால் லென்ஸைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தடுக்கினால் மன்னிப்புக் கேட்காமல் அங்கிருந்தே தொடர வேண்டும். நீ உனக்குச் சொல்லிக்கொண்டதெல்லாம் எனக்குள்ளும் தங்கியிருந்தது.

போனேன், மெர்சி. உன் சாம்பல் நிறக் காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மாதாப்பூரில் ஒரு மாடி அறை. வெளியே பெஞ்சில் பெண்கள் உதடு மட்டும் அசையத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். நீயும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாயா? வேண்டாம் என்று அனுப்பியதையெல்லாம் வீட்டுக்கு வந்து வேடிக்கையாகச் சொல்வாயே, வரும் வழியில் பஸ்ஸில் அழுதிருப்பாயா?

காட்சி இதுதான். வேலைக்குப் போன புருஷன் இறந்துவிட்டான் என்று ஃபோனில் செய்தி வருகிறது. முதல் தடவை எனக்குக் கண்ணீர் வரவில்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்த இளைஞன் கெட்டவன் இல்லை, தன்மையாகத்தான் சொன்னான்: "உங்க வீட்டுல இறந்தவங்க யாரையாவது நினைச்சுக்கோங்கம்மா. தானா அழுகை வரும்." பக்கத்தில் நின்ற சுனிதா தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

நீ அந்த அறை வாசல்வரை வந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் சுண்டுவிரலை நீ பிடித்திருந்த பிடி ஒன்று போதும், உடைந்திருப்பேன். ஆனால் அதை எடுத்து அந்த விளக்குகளுக்கு முன்னால் எப்படி வைப்பேன்?

வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சில் நாம் வீட்டில் சொல்லும் "நக்கோ" வாயில் வந்துவிட்டது. "வேண்டாம்பா. என் தங்கச்சியை இதுக்குக் கூப்பிட மாட்டேன். அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சோ அதை மட்டும் பார்க்கறேன்."

மறுபடி எடுத்தார்கள். எதிர்முனையில் சொன்னதை நன்றாகக் கேட்டேன். காலையில் அவனுக்கு டிபன் கட்டிக் கொடுத்தவள் அல்லவா அவள்? கேட்டு முடித்ததும், "சாப்பிட்டாரா?" என்றேன். அது வசனத்தில் இல்லை.

அந்த வேஷம் எனக்குக் கிடைக்கவில்லை. நன்றாக அழுத வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி வேஷம், சில காட்சிகள். அடுத்த வாரம் படப்பிடிப்பு. ஆபீஸில் லீவு சொல்லிவிட்டேன். எதிர் வசனம் படிக்கத்தான் ஆளில்லை. சமையலறையில் என் வரியைப் பேசிவிட்டு, நீ பேச வேண்டிய இடத்தில் நிறுத்துகிறேன். அந்த இடைவெளி எவ்வளவு நீளமாக இருக்கிறது, தெரியுமா?

ஒன்று மட்டும் உறுதி. யார் கேட்டாலும், எந்தக் காட்சிக்காகவும் உன்னை நினைத்து அழ மாட்டேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எனக்காக மட்டும் உன்னைக் கூப்பிடுவேன். அப்போது வா.

உன்னோடு பிறந்தவள்,
எஸ்தர் அக்கா