செம்பருத்திக்கு ஊற்றிய காப்பி

அடியே,

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த காகிதத்துக்கு ஒரு வாசனை உண்டு. சுட்ட அப்பளத்துக்கும் புது ரப்பர் செருப்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று. உன் சேலையில், சோற்று டப்பாவில், குன்றக்குடி போய்விட்டு வந்து நீ தரும் திருநீற்றுப் பொட்டலத்தில்கூட அது இருக்கும். இன்று காலை கல்லூரிச் சாலையில் உன் கடைக்குப் போய் என் கட்டுரையைப் பிரதி எடுத்தேன். போர்டில் பெயரை மாற்றிவிட்டார்கள். எனக்கு அது உன் கடைதான். சூடு ஆறாத தாள்களை மூக்கில் வைத்து மோந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் ஹால் டிக்கெட் எடுக்க வந்த பெண் மெதுவாகத் தள்ளி நின்றுகொண்டாள். ஐம்பதைத் தாண்டியவள் நடுக்கடையில் காகிதத்தை மோந்தால் இந்த ஊரில் அவ்வளவுதான் மரியாதை.

கட்டுரையின் தலைப்பைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு அடங்காது. ‘கதைமாந்தர் வழி நாவலின் மையக்கருத்து.’ ஆமாம், அதேதான். மார்ச் மாதம் பிறந்தால் எம்.ஏ. பிள்ளைகள் கையெழுத்துத் தாள்களோடு உன் கடையில் வரிசையில் நிற்பார்களே, அதே தலைப்பு. நாவலின் பெயர் மாறும், கதாநாயகியின் பெயர் மாறும், மற்றதெல்லாம் ஒரே மாவில் சுட்ட இட்லி. ‘இப்பாத்திரத்தின் வாயிலாக ஆசிரியர் உணர்த்துவது யாதெனில்’ என்ற வரியைத் திரும்பத் திரும்ப அடிக்க அலுத்துப்போய், ஒரு பட்டனைத் தட்டினால் முழு வரியும் வந்து விழுகிற மாதிரி கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாய்.

“ஏண்டி, கதாபாத்திரம் என்ன தபால்காரனா? கருத்தைக் கொண்டாந்து குடுத்துட்டு, கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போறதுக்கு?” என்று ஒருநாள் எரிந்து விழுந்தாய்.

“பின்ன எப்படித்தான் எழுதணுங்கிற?”

“ஒரு ஆளு என்ன பேசுறான்னு பாக்காத. கடைசி வரைக்கும் என்ன பேச மாட்டேங்கிறான்னு பாரு. கருத்து அங்குட்டுத்தான் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும்.”

எம்.ஏ. தமிழில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ முதல் மார்க். நான் உன்னைப் பார்த்து எழுதி இரண்டாவது. அதற்குப் பிறகு நான் வாரப் பத்திரிகையில் புருஷன் ஜோக்கும் கேஸ் சிலிண்டர் ஜோக்கும் எழுதி ‘நகைச்சுவை எழுத்தாளர்’ ஆனேன். என் எழுத்தில் வடை மடித்துக் கொடுத்ததை நானே ஸ்டேஷன் வாசலில் பார்த்திருக்கிறேன். வடை நன்றாக இருந்தது. நீ கல்யாணமாகிப் போய், சரிப்படாமல், பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாய். உன் அண்ணன்தான் கார் எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தார். மாடியில் ஏ.சி. வைத்து ஒரு ரூம், போக வர ஆட்டோ, கல்லூரிச் சாலையில் இந்தக் கடை. “தங்கச்சிக்கு ஒரு குறை வைக்கலப்பா” என்று ஊரே சொன்னது. நானும்தான் சொன்னேன்.

அந்தக் கடையில், ஆதார் கார்டு ஜெராக்ஸுக்கும் அடுத்த ஆதார் கார்டு ஜெராக்ஸுக்கும் நடுவில், உன் ஒரே நாவலை அடித்து முடித்தாய். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளின் கதை. அண்ணன் எல்லாம் தருகிறான். ஒவ்வொரு அத்தியாயமும் அவன் குரலோடுதான் தொடங்கும்: “தங்கச்சிக்குக் காப்பி கொண்டுபோங்க.” காப்பி மாடிக்குப் போகும். அத்தியாயம் முடியும்போது அவள் அதை ஜன்னல் வழியாகக் கீழே இருக்கும் செம்பருத்தியின் வேரில் ஊற்றுவாள். பால் வாடையே அவளுக்கு ஆகாது. நாவல் நெடுக அவள் இளைக்கிறாள். செம்பருத்தி மதில் ஏறிப் பூக்கிறது. இதை விடக் காட்டமாக எந்த வில்லனை வைத்து எழுத முடியும்?

ஆனால் இந்த ஊரில் நாவல் படிப்பது என்றால் ஆள் கண்டுபிடிப்பது என்று அர்த்தம். புத்தகம் வந்த வாரத்தில் நானே முதல் ஆளாக ஓடி வந்தேன். கதையில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி வருகிறாள். கேள்வியாகக் கேட்டுத் தள்ளுவாள். பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவாள்.

“யாருடி இவ?” என்றேன்.

“கற்பனைடி.”

“கற்பனைக்கு எதுக்குடி என்னைய மாதிரி ரெண்டு பக்கமும் மூக்குத்தி?”

“கற்பனைக்கும் மூக்கு இருக்கும்ல. அதுவும் அடுத்த வீட்டுக்குள்ள நுழைக்கிற மூக்கு.”

இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் குறைவாகச் சிரித்தேன்.

உன் அண்ணனும் தன்னைக் கண்டுபிடித்துக்கொண்டார். அவருக்கு சிமெண்டுக் கடையை விட்டு நிமிர நேரமில்லை. அதனால் அண்ணன் வரும் இடங்களில் மட்டும் உன் மதினியை அடிக்கோடு போட்டுத் தரச் சொல்லி, அந்த வரிகளை மட்டும் படித்தார். எல்லாம் தங்கமான வரிகள்தானே! காப்பி கொடுங்க, விளக்கைப் போடுங்க, போர்வை வாங்குங்க. செம்பருத்தி வரும் இடத்தில் அண்ணன் கிடையாது. அதனால் அங்கே கோடும் கிடையாது. மனிதர் பூரித்துப்போனார். மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காயோடும் வெற்றிலையோடும் உன் நாவலையும் போட்டார். “எந்தங்கச்சி எழுதுனது. என்னையப் பத்தித்தான் எழுதியிருக்கா. கொண்டுபோயிப் படிங்க” என்று வாசலில் நின்று கும்பிட்டார்.

உன்னை மணவறைப் பக்கம் விடவில்லை. யாரும் கடிந்து பேசவில்லை, “நீ அலைய வேணாம்த்தா, இங்க ஃபேனுக்கு அடியில உக்காரு” என்று பாசமாகத் தாம்பூல மேசையில் உட்கார வைத்தார்கள். உன்னைக் குற்றவாளியாக்காமலே ஒதுக்கி வைத்த சாமர்த்தியத்தை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. உன் புத்தகத்தை நீயே தேங்காயோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

“மெட்ராஸ்ல எல்லாம் புத்தகத்துல கையெழுத்துப் போட்டுக் குடுப்பாகளாம்” என்று என் காதில் சொன்னாய். “நான் மஞ்சப் பையில போட்டுக் குடுக்குறேன். தேங்காய்ல குடுமி இருக்கான்னு பாத்து எடுத்துக்க.”

அடுத்த மார்ச்சில் நடந்ததுதான் உச்சம். ஒரு பிள்ளை உன் நாவலைப் பற்றியே கட்டுரை எழுதி, நீதான் ஆசிரியர் என்று தெரியாமல், உன் கடைக்கே டைப் அடிக்கக் கொண்டுவந்தது. ‘அண்ணன் பாத்திரத்தின் வாயிலாக ஆசிரியர் உணர்த்துவது யாதெனில், உடன்பிறப்புப் பாசமே. காப்பி அப்பாசத்தின் குறியீடாகும்.’ நீ பட்டனைத் தட்டினாய், வரி வந்து விழுந்தது, மீதியை அடித்தாய். எழுத்துப்பிழைகளைத் திருத்தினாய். வேறு எதையும் தொடவில்லை.

“சொல்ல வேண்டியதுதானடி!” என்று நான் குதித்தேன்.

“எதுக்கு? அதுக்கு மார்க் போடுற வாத்தியாரும் தாம்பூலப் பை வாங்குனவர்தான்.”

அப்புறம் உனக்கு நோய் வந்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில், தனி ரூமில் சேர்த்தார்கள். அதிலும் குறையில்லை. டாக்டர் உன் முகத்தைப் பார்த்து, “எங்கம்மா வலிக்குது?” என்றார். உன் அண்ணன் பதில் சொன்னார்: “வலியெல்லாம் இல்லைங்க டாக்டர். அவ தைரியமான புள்ள.” டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நீ என் பக்கம் திரும்பி, வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு, கண்ணடித்தாய்.

“பாத்தியாடி? அப்படியே என் ஏழாம் அத்தியாயம்.”

சிரித்தேன். என் தொழிலே அதுதானே. வராண்டாவில் வந்து அழுதேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நீ நம்பாவிட்டாலும் அழுதேன்.

உன் முதல் வருஷத் தெவசத்தை ஒட்டி இங்குள்ள இலக்கிய நண்பர்களோடு சேர்ந்து நினைவுக் கூட்டம் வைத்தார் உன் அண்ணன். என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். உட்காருமுன் காப்பி வந்துவிட்டது.

“தாயி, நீங்கதான் கட்டுரை வாசிக்கிறீக. அவகூடப் படிச்சவுக. அந்த அண்ணன் கேரக்டரை வச்சுத்தான் கதையே நிக்குதுன்னு நல்லா அழுத்திச் சொல்லிருவீக. நோட்டீஸ்ல உங்க பேரப் போட்டாச்சு. காப்பியக் குடிங்க.”

பேச்சு முழுக்க அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை என்பது டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வருவீகளா, முடியுமா, என்ன நினைக்கிறீக, ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து உன் நாவலை எடுத்தேன். அண்ணன் பேசும் இடங்களை மட்டும், அவரைப் போலவே, பொறுக்கிப் பொறுக்கிப் படித்தேன். கடைசிப் பக்கம் வரை அவன் தன் தங்கையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையடி! எவ்வளவு அன்பு, எவ்வளவு ஏற்பாடு, எவ்வளவு வாங்கிப்போடல். ‘உனக்கு என்ன வேணும்?’ என்பது மட்டும் இல்லை. தாம்பூலப் பையில் வாங்கிப்போன ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கூட இருந்த என் கண்ணிலும் படவில்லை. நான்தான் பக்கத்து வீட்டுக்காரியின் மூக்குத்தியை ஆராய்ந்துகொண்டிருந்தேனே.

புகழ்ந்துவிட்டு வந்திருக்கலாம். மாலை போடுவார்கள், சாப்பாடு நன்றாக இருக்கும். ஆனால் நான் அப்படி வாசித்தால் உன் நாவலுக்கு அதுதான் கடைசிச் சடங்கு. அண்ணன் புகழ் பாடும் புத்தகம் என்று அச்சிலேயே ஏறிவிடும். நீ ஒரு தடவை செத்தது போதாதா?

எழுதினேன். ஜோக் ஒன்றுகூட இல்லாமல் நான் எழுதிய முதல் கட்டுரை.

மண்டபத்தில் போய்ப் பார்த்தால், மேடையில் மாலை போட்ட உன் படம். படத்துக்கு முன்னால் எவர்சில்வர் டவராவில், நுரை தளும்ப, ஆவி பறக்கக் காப்பி. ‘அவளுக்குப் பிடிச்சது’ என்று வைத்திருக்கிறார்கள். காகிதத்தைப் பிரித்து வாசித்தேன். அந்த அண்ணன் கெட்டவன் இல்லை, அதுதான் அந்தக் கதையின் பயங்கரம் என்றேன். அன்பு கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தால், வாங்குகிறவள் வாயில்லாப் பொம்மையாகிவிடுகிறாள் என்றேன். செம்பருத்தி எதைக் குடித்து வளர்ந்தது என்ற இடத்துக்கு வந்தபோது, முன்வரிசையிலிருந்து உன் மதினி எழுந்தாள். கோடு போட்டவள் அவள்தானே. அந்த வீட்டில் கோடு போடாத இடங்களையும் படித்தவள் அவள் மட்டும்தான். மேடை ஏறி, யாரையும் பார்க்காமல், டவராவோடு காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆறிப்போயிருக்கும், மாற்றி வைக்கப் போகிறாள் என்று கூட்டம் நினைத்தது. அவள் திரும்பி வரவில்லை.

கை தட்டினார்கள். “அருமையான பேச்சு, ஆனா சிரிப்பே இல்லையே” என்று ஒருவர் குறைப்பட்டார்.

பந்தியில் உன் அண்ணன் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

“தாயி,” என்றார் கடைசியில், இலையைப் பார்த்தபடி. “அப்ப... அவ என்னதான் குடிப்பா?”

அதுதானடி, அந்த மனிதர் உன்னைப் பற்றிக் கேட்டு என் காதில் விழுந்த முதல் கேள்வி. பதில் என் நாக்கு நுனியில் நின்றது. இஞ்சி தட்டிப்போட்ட, பால் விடாத டீ; கடைக்கு அடுத்த பெட்டிக்கடையில், காலையும் சாயங்காலமும். எந்த ரகசியமும் தங்காத வாய் இது என்று உனக்குத் தெரியும். அன்றைக்குத் தங்கியது.

“அத அவகிட்டல்ல கேட்டிருக்கணும்ணே” என்றேன்.

தலையை ஆட்டினார். கண் கலங்கியது. சரி, மனிதருக்குள் ஏதோ திறந்துவிட்டது என்று நான் நினைத்து முடிப்பதற்குள், நிமிர்ந்து பரிமாறுகிறவனைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, தாயிக்கு இன்னும் ரெண்டு கரண்டி பாயாசம் ஊத்து.”

எனக்குச் சர்க்கரை. ஊற்றிவிட்டான்.

இப்போது மேசையில் இந்தத் தாள்கள் ஆறிக் கிடக்கின்றன. நினைவுக் கூட்டத்து மலரில் போட நாளைக்கு அனுப்ப வேண்டும். யாராவது ஒரு பிள்ளை இதைப் பார்த்து எழுதி, எந்தக் கடையிலாவது டைப் அடிக்கும், அடிக்கட்டும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாசனையும், ஒரு கெட்ட பழக்கமும். யாரிடமாவது ஏதாவது கேட்டால், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பயப்படுகிறார்கள்.

கதாபாத்திரம் தபால்காரன் இல்லை என்றாய். உன் கதையில் ரெண்டு மூக்குத்தியோடு வந்தவளுக்குக் கடைசியில் அந்த வேலைதான் வாய்த்தது. என் கையில் ஒரு கேள்வி இருக்கிறது. உன் பேருக்கு வந்தது, உன் அண்ணன் அனுப்பியது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. திருப்பிக் கொடுக்கவும் எனக்கு மனசில்லை.