லாரித் தண்ணி வந்தாச்சு

சித்திரை 4, வெள்ளி

காலையிலேயே வெயில். போர் மோட்டார் வெறும் காற்றைத்தான் தள்ளுகிறது.

பால் சொசைட்டியில் மானம் போனது. ஃபோனில் மெயில்: "பழனிச்சாமி, உங்கள் நினைவாகவே இருக்கிறோம்." எழுதியது என் மகள் செல்வி. எர்ணாகுளத்தில் ஆன்லைன் சேலைக் கடை ஒன்றில் அவளுக்கு அதுதான் வேலை, மெயிலைத் திறக்கவைக்கும் தலைப்பு வரி எழுதுவது. "என்ற புள்ள எனக்கு எழுதியிருக்குது பாருங்க" என்று கேனோடு நின்றவர்களிடமெல்லாம் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பொன்னுச்சாமி தன் ஃபோனை நீட்டினான். "பொன்னுச்சாமி, உங்கள் நினைவாகவே இருக்கிறோம்."

"ஏனுங் மாமா, என்ற நெனப்பாவுமல்லோ இருக்குது!"

பொங்கலுக்கு வந்தபோது ஊர் ஃபோன்களில் எல்லாம் கடையைப் பதிந்துவிட்டுப் போனவள் அவள்தான். பேரை மெஷின் போடுமாம். பத்தாவது பெயிலான எனக்கு அது எப்படித் தெரியும்.

5, சனி

செல்வி ஃபோன். குரல் சரியில்லை. சோதனைக் காலம் திங்களோடு முடிகிறது. அவள் மெயிலை யாரும் திறப்பதில்லையாம். நாளை போகும் மெயிலையும் திறக்காவிட்டால் வேலை இல்லை.

"எந்த வரியப் பாத்தா நீங்க திறப்பீங்க, சொல்லுங்கப்பா."

யோசித்தவை: மாடு கன்று போட்டது. ரேஷனில் மண்ணெண்ணெய். இரண்டும் சேலைக்கு ஒட்டவில்லை.

சொன்னது: லாரித் தண்ணி வந்தாச்சு, ஓடி வாங்க.

சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து.

"நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும் அனுப்பிப் பாக்கறனுங்கப்பா."

பெருமையாக இருந்தது. இரண்டு இட்லி கூடுதல்.

6, ஞாயிறு

பத்து மணிக்கு வீதி முழுக்க ஃபோன் சத்தம். பெண்கள் குடத்தோடு ரோட்டுக்கு ஓட்டம். முன்னால் என் மனைவி. பின்னால் டிரம்மை உருட்டிக்கொண்டு நான். பாதி வழியில்தான் உறைத்தது, அது நான் சொன்ன வரி என்று.

மூட்டு வலியோடு வந்த மாராத்தாள் அக்கா மெயிலைத் திறந்து சத்தமாகப் படித்தார். "இப்படித்தானே ஓடுவீர்கள்? எங்கள் சேலைக்கும் ஓடி வாருங்கள்."

"பழனிச்சாமி, இது உன்ற புள்ள கடைதான?"

"ஆமாங்க்கா."

"அது பாவம், அதுக்கு என்ன தெரியும். எவனோ கட்டைல போறவன் சொல்லிக் குடுத்திருப்பான்."

"அப்படித்தானுங்க்கா இருக்கும்."

7, திங்கள்

நிஜமாகவே லாரி வந்தது. பதினோரு நாள் கழித்து. வார்டு மெம்பர் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். யாரும் அசையவில்லை. வீடு வீடாய்ப் போய்க் கத்தினேன்.

"நெசமாலுமுங்க! லாரி நிக்குது!"

"எங்கூட்டுல சேலை இருக்குதுங் மாமா!" பொன்னுச்சாமி. வீதியே சிரித்தது. என் மனைவிகூடக் கதவைச் சாத்தினாள்.

டிரைவர் அரை மணி நேரம் ஹாரன் அடித்தார். என் டிரம் மட்டும் நிறைந்தது. அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு மாராத்தாள் அக்கா குடத்தோடு நொண்டி நொண்டி வந்து, ஈரமாய்க் கிடந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் செல்வி. "அப்பா! வேல நிரந்தரமாயிருச்சுங்கப்பா! இத்தன பேரு திறந்ததே இல்லீங்களாம்!" அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பிறகு கேட்டாள்.

"அங்க நெசமாலுமே தண்ணி வந்துதுங்களாப்பா?"

"வந்துது கண்ணு. டிரம் நெறையப் புடிச்சாச்சு."

ஊருக்கே அந்த ஒரு டிரம்தான் என்று சொல்லவில்லை.