சிங்க்குக்குப் போட்ட பாஸ்தா

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவின் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஜெர்மனியும் நர்சிங் படிப்பும் ஒத்துக்கொண்டுவிட்டன. கால்கள் மட்டும் லீவு கேட்கின்றன. ஃபோனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பிளஸ் டூவில் "பாஸ் தா, பாஸ் தா" என்று துஆ கேட்டேன் அல்லவா? அதுதான் இப்போது தினமும் தட்டில் விழுகிறது.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், அறைத்தோழி ஜின்சி என்னோடு உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று மாட்டுக்கறி பாஸ்தா வைத்தேன். துருக்கிக்காரர் கடை ஹலால் கொத்துக்கறியை வெங்காயத்தோடு வதக்கி, அதே சட்டியில் தண்ணீரும் பாஸ்தாவும் போட்டு வேகவைத்து, கடைசியில் கிரீம் ஊற்ற வேண்டும். வெந்ததும், களைப்பில் சோறென்று நினைத்து, மூடியைப் பிடித்துக் கஞ்சி வடித்துவிட்டேன். கறிச்சாறு முழுக்க சிங்க்கோடு போய்விட்டது.

குமுளிக்காரி ஜின்சி எட்டிப் பார்த்தாள். "எடீ கம்பத்துக்காரி, சிங்க்குக்கா சாப்பாடு போட்ட?"

"அதுக்கும் பசிக்கும்ல."

சிரித்தாள். நைட் டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று ரொட்டியைக் கடித்தபடியே கிளம்பிவிட்டாள். மிச்சத்தில் கிரீமை ஊற்றி நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

யாராவது வந்தால் உங்கள் கறிமசால் பொடி கொடுத்துவிடுங்கள். இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது வீடியோவில் கூப்பிட்டு, ஃபோனைத் தண்ணிச் செம்பில் சாய்த்து வையுங்கள். "என்னத்தப் பேச?" என்று அத்தா கேட்பார்கள். "பேச வேணாமாம், நாம சாப்பிட்டாப் போதுமாம்" என்று சொல்லுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்களுக்குச் சுமை தராத,
சுமையா