பூசையில் வாசித்த பெயர்

கள்ளப்பாடு,
முல்லைத்தீவு.
08.01.2025

ஷரோமியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சொன்னபடி கேட்டு நடப்பீர்கள் என்று நினைக்கிறேன். மறுவாழ்வு நிலையத்தில் போன் தரமாட்டார்களாம், கடிதம் மட்டும்தானாம் என்று மாமி சொன்னா. போய் மூன்று மாதமாகிறது. ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஒரு செய்தி. வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் வீட்டில் வைத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நினைத்துத் தொடங்கியதில்லை. அடுத்த ஒழுங்கைப் பிரியந்தினி ஒருநாள் காலை மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் படலையடியில் நின்றாள். பிள்ளையைப் பார்க்கிற அவள் மாமியாருக்கு வருத்தம், எழும்ப ஏலாது. அவள் வேலை செய்யும் காமென்ற் தொழிற்சாலை பஸ் ஹோன் அடிக்கிறது. நான் கையை நீட்டினேன், தந்துவிட்டு ஓடினாள். இப்போது றிப்கா ரீச்சரின் இரட்டைப் பிள்ளைகளோடு ஐந்து பேர். கதிரைகளை ஒதுக்கிவிட்டு பிள்ளைகள் படுக்கக் கூரை வளையில் இரண்டு ஏணை கட்டியிருக்கிறேன். உங்கள் பழைய வலையை எடுத்துக் கிணற்றைச் சுற்றி அடைத்தேன்.

கேட்பவர்களிடம் நீங்கள் கட்டாரில் வேலை என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளை விடுகிறவர்கள் வீட்டில் ஆர் ஆர் என்று கேட்பார்கள்தானே. அது அப்படியே இருக்கட்டும்.

எனக்கு எப்படி இருக்கிறதென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எழும்புகிறேன், கஞ்சி வைக்கிறேன், மூக்குத் துடைக்கிறேன், பொழுதுபடுகிறது.

இப்படிக்கு,
ஆன்சலா


17.01.2025

என் அன்பின் ஆன்சலா,

உம்முடைய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எழுதாததற்கு வெட்கம்தான் காரணம். கை நடுக்கமும் இப்போதுதான் நின்றிருக்கிறது.

நீர் கெட்டிக்காரி. எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்த வலை பழசு, மூலையில் இற்றுப்போயிருக்கும். இரட்டையாக மடித்துக் கட்டும். வந்தபிறகு நான் பலகையால் அடைத்துத் தருகிறேன். அடுத்த மாதம், மாசி இருபதாம் திகதி விடுகிறார்கள். நீர் சமைக்கிற நேரம் நான் பிள்ளைகளைப் பார்ப்பேன். ஷரோமி என்னோடு எப்படி ஒட்டிக்கொண்டு திரிவாள், மறந்துவிட்டீரா?

அம்மாவுக்கும் எழுதினேன். எனக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே கிடக்கிற எங்களுக்கு அது ஒன்றுதான் பலம்.

என்றும் உம்முடைய,
றொமேஸ்


28.01.2025

ஷரோமியின் அப்பாவுக்கு,

ஞாயிறு பூசையில் உங்கள் பெயர் வாசித்தார்கள். மாமி துண்டில் எழுதிக் கொடுத்ததைப் பங்குச் சுவாமி ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தார்: “போதைத்தூள் பழக்கத்திலிருந்து மீள மறுவாழ்வு நிலையத்தில் இருக்கும் மகன் றொமேசுக்காக.” கோயில் முழுக்க, “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சொன்னது. நானும் சொன்னேன். மாமியில் பிழையில்லை. விபரமாக எழுதினால்தான் ஆண்டவருக்கு ஆளை விளங்கும் என்று நினைத்திருப்பா.

திங்கட்கிழமை நான்கு பிள்ளைகள் வரவில்லை. றிப்கா ரீச்சர் போன் எடுத்துப் பிள்ளைகளுக்குத் தடிமன், காய்ச்சல் என்றா. அவவுக்கும் கதை போய்விட்டது. பிரியந்தினி மட்டும் பஸ்ஸை விட்டுவிட்டு மகனோடு வந்து நின்றாள். கட்டார் பொய் என்று ஒப்புக்கொண்டேன். மற்றதையும் சொன்னேன். போன வருடம் நீங்கள் ஷரோமியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், வள்ளத்துக்குள் இருத்திவிட்டுத் தூள் தேடி ரவுணுக்குப் போனதையும், கருவாடு காயப்போட்ட பெண்கள் பின்னேரம் அவளைக் கண்டு தூக்கிவந்ததையும் சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. “அக்கா, உங்களில எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா அண்ணை வீட்டில நிண்டா நான் பிள்ளையை விடமாட்டன்” என்றாள். நீங்கள் வரும்வரைக்கும் என்று சொல்லி மகனைத் தந்துவிட்டுப் போனாள். மற்றவர்களும் அவளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

பிரதேச செயலகத்திலிருந்து சிறுவர் உத்தியோகத்தரும் வந்து, பதிவு செய்யப் படிவம் தந்திருக்கிறா. வீட்டில் தங்கும் வளர்ந்தவர்களின் பெயர் கேட்டிருக்கிறது. அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

ஆன்சலா


05.02.2025

அன்பின் ஆன்சலா,

வள்ளத்துக் கதையை ஏன் சொன்னீர்? அது நமக்குள் இருந்திருக்கலாம். சரி, பிழை என்னுடையது. நான் அதை மறக்கவில்லை. கண்ணை மூடினால் அந்த வள்ளம்தான் வருகிறது.

பிள்ளைகள் வருமுன் நான் கடலுக்குப் போய்விடுவேன். அவர்கள் போனபிறகு வருகிறேன். வந்தாலும் குசினிப் பக்கமே இருக்கிறேன். வீடு உம்முடைய சீதனம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எட்டு வருடமாக என் வீடு என்றுதான் வந்து படுத்தேன். வேறு எங்கே போவேன்? படிவத்தில் என் பெயரையும் எழுதும், கெஞ்சிக் கேட்கிறேன். இருபதாம் திகதி பின்னேர பஸ்ஸில் வருவேன். ஷரோமியிடம் சொல்லும்.

றொமேஸ்


12.02.2025

ஷரோமியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்து நான்கு நாளாகிறது. கோபத்தில் பிந்தவில்லை. கோபம் வந்தால் நல்லதென்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு தீத்தினேன்.

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன்.

நீங்கள் மாமி வீட்டுக்குப் போங்கள். அவவிடம் கதைத்தேன். அறையைக் கூட்டித் துப்புரவாக்கி வைத்திருக்கிறா. உங்கள் உடுப்புகளையும் அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து கோயில் வளவில் ஷரோமியைப் பாருங்கள். நானும் பக்கத்தில் நிற்பேன்.

நீங்கள் திருந்திவிட்டீர்கள் என்று நம்ப எனக்கும் விருப்பம்தான். ஆனால் பிரியந்தினி தன் பிள்ளைக்காக ஒரு நிமிடத்தில் சொன்னதை, என் பிள்ளைக்காக நான் ஒரு வருடமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

ஷரோமியிடம் அப்பா வருகிறார் என்று சொன்னேன். காலையில் விட்ட பிள்ளையைப் பின்னேரம் ஓராள் வந்து கூட்டிப்போவதைத்தானே அவள் தினமும் பார்க்கிறாள். “அப்பாவை ஆர் போய்க் கூட்டிக்கொண்டு வாறது?” என்று கேட்டாள்.

அப்பம்மா போவா என்று சொன்னேன்.

ஆன்சலா