இதோ வந்துட்டேன்

3 மார்ச் 1989

அன்புள்ள மாப்பிள்ளை,

நான் நலம். நீயும் என் தங்கச்சியும் சின்னதும் நலம்தானே?

நீ அனுப்பிய கேசட் வந்தது. துறைமுகத்தில் கிரேன் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் எனக்குத் துணை அதுதான். ஆனால் உன்மேல் ஒரு வழக்கு உண்டு. ரேடியோக் கச்சேரி இருக்கிறது, உன் மகள் பாட்டு இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் புல்லாங்குழலைப் படுத்துகிற பாடும் இருக்கிறது. நீ எங்கேயடா? லிஃப்ட் பழுது பார்க்கப் போனால் பத்து மாடிக்கும் கேட்கிற மாதிரி பாடுகிறவன், மைக்கைக் கண்டால் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடுகிறாய். அடுத்த கேசட்டில் நீ பாடவில்லை என்றால் உன்னோடு எனக்குப் பேச்சு இல்லை.

உன்
நெட்டை


17 மார்ச் 1989

அன்புள்ள அண்ணாவுக்கு,

கூடப் பிறக்காவிட்டாலும் நீங்கள் தங்கச்சி என்று கூப்பிடுகிற நான்தான் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் மாப்பிள்ளை போய்விட்டார். நீங்கள் கடிதம் எழுதிய அன்றைக்கே அவர் இல்லை. உங்கள் விலாசம் அவர் தலைக்குள்தான் இருந்தது. உறையின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நோய் நொடி ஒன்றும் இல்லை அண்ணா. காலையில் சின்னதுக்கு ஷூ கட்டிவிடக் குனிந்தார். நிமிரவில்லை. அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று அவள் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். நானும் அடுப்படியிலிருந்து, "ஸ்கூலுக்கு நேரமாச்சு, எந்திரிங்க" என்று கத்தினேன். மாரடைப்பு என்கிறார் டாக்டர். என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அழுகையும் வரவில்லை. பார்ப்பவர்கள் என்னைக் கல்நெஞ்சு என்று நினைத்தால் நினைக்கட்டும்.

யார் யாரோ வருகிறார்கள். ஒரு பெரியவர், "லிஃப்டுல மாட்டிக்கிட்டேம்மா. நான் பயந்துடக் கூடாதுன்னு வெளிய நின்னு பாடிக்கிட்டே திறந்துவிட்டாரு" என்று சொல்லி அழுதார்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். அலமாரி நிறையக் கேசட் இருக்கிறது. எல்லார் குரலும் இருக்கிறது, அவர் குரல் இல்லை. நேற்றுச் சின்னது, "அப்பா குரல் எப்படிம்மா இருக்கும்? மறந்து போச்சு" என்றாள். எனக்கும் சட்டென்று காதுக்குள் வரவில்லை. பயந்துவிட்டேன். உங்களிடம் ஏதாவது இருக்குமா?

உங்கள்
தங்கச்சி


30 மார்ச் 1989

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கிரேன் மேலே வைத்துத்தான் பிரித்தேன். படித்த பிறகு என்னை இன்னொரு ஆள் ஏறி வந்து இறக்கிவிட்டார். குத்துக்கல்லாட்டம் நான் இருக்கிறேன், அவன் போவானா? பேச்சு இல்லை என்று வேறு எழுதினேனே, பாவி நான்.

கேசட் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் போட்டுக் கேட்டேன். திருட்டுப் பயல், ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. ஒன்றில் மட்டும், கச்சேரி முடிகிற இடத்தில், உள்ளேயிருந்து நீ சாப்பிடக் கூப்பிடுகிறாய். "இதோ வந்துட்டேன்" என்கிறான். அவ்வளவுதானம்மா. தபாலில் போட மனம் துணியவில்லை. ஊருக்கு வருகிற சிநேகிதர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன்
அண்ணன்


21 ஏப்ரல் 1989

அன்புள்ள அண்ணாவுக்கு,

கேசட் பத்திரமாக வந்தது. சின்னதை மடியில் வைத்துக்கொண்டு போட்டேன். "எத்தனை தடவை கூப்பிடறது?" என்று என் குரல். எவ்வளவு கோபம், எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு அவர், "இதோ வந்துட்டேன்."

சின்னது சிரித்துவிட்டாள். "பொய்யிம்மா. பாட்டு முடிஞ்சாத்தான் அப்பா வருவாங்க" என்றாள். நிஜம்தான் அண்ணா. அப்படிச் சொல்லிவிட்டு ஒருநாளும் உடனே வந்ததில்லை. அவர் தட்டை மூடி வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்துவிடுவோம்.

திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். ஒருமுறை அவர் சொல்லி முடித்ததும், பழக்க தோஷம், என் வாய் தானாக, "ஆறிப் போகுது, வாங்க" என்றது. கேசட் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன்.

சின்னது மடியிலிருந்து இறங்கி அடுப்படிக்குப் போனாள். அவர் தட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தாள், மேலே மூடியைக் கவிழ்த்தாள். பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

உங்கள்
தங்கச்சி